ஆராய்ச்சி மணியும் அந்நியர் ஆட்சியும்

ஒரு நாட்டு மக்கள் தம்மை ஆளுவோரிடம் குறையிரந்து நிற்பதை விடுத்து, "நீங்கள் எம்மை ஆளவே வேண்டாம்" என்று சொல்லத் துணிவது எப்போது? இவ்வினாவை வகுப்பில் எழுப்பினால் மாணவர் பெரும்பாலும் ஒரே விடையைத் தருவர்: "கொடுமை பொறுக்க முடியாதபோது" என்பர். அவ்விடை பிழையன்று, ஆயினும் போதாது. கொடுமையைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுத்திருந்த மக்களும் உளர். சிறிய வரியொன்றுக்காகச் சீறியெழுந்த மக்களும் உளர். சுமையின் பாரத்தை மட்டும் நிறுத்துப் பார்த்து இவ்வேறுபாட்டை விளக்கிவிட முடியாது. அச்சுமையைப் பற்றி முறையிட்டபோது கேட்பதற்கு ஒரு செவி இருந்ததா, அந்தச் செவிக்கு உரியவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

முறையிடுதல் நம்மவருக்குப் புதிதன்று. திருவாரூரில் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைக்க, மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்ட கதையைப் பெரியபுராணம் நமக்குச் சொல்லியிருக்கிறது. அதே கதையை அனுராதபுரத்தில் ஆண்ட எல்லாள மன்னன்மேல் ஏற்றிச் சிங்களவரின் மகாவம்சமும் சொல்கிறது. தம் இனத்து மன்னனின் எதிரியென்று கருதிய ஒருவனுக்கே அந்நூல் இப்புகழை மறுக்கவில்லை என்பது எண்ணி மகிழத்தக்கது. ஆக, தமிழரும் சிங்களவரும் அரசனிடம் எதிர்பார்த்தது ஒன்றே: கயிற்றை இழுத்தால் மணி ஒலிக்க வேண்டும், மணி ஒலித்தால் அரசன் எழுந்து வரவேண்டும். மனு என்பது இந்த நம்பிக்கையின் மேல் எழுதப்படும் ஓலை. நம்பிக்கை உள்ளவரையில்தான் மனுவும் உண்டு.

அந்த நம்பிக்கை இலங்கையில் எப்படி முறிந்தது என்பதை அறிய, மாத்தளை மாவட்டத்திலுள்ள நாலந்தாவை நோக்கி வாசகரை அழைக்கிறேன்.

நாலந்தா வழி

நாலந்தா என்றதும் பீகாரத்துப் பழைய பல்கலைக்கழகமே நினைவுக்கு வரும். நான் கூறும் நாலந்தா வேறு. கண்டியிலிருந்து வடக்கே செல்லும் பெருந்தெரு மாத்தளையைக் கடந்தபின் இவ்வூரைத் தொட்டுத் தம்புள்ளைக்கு ஏகுகிறது. இங்கே கெடிகே எனப்படும் கற்கோயில் ஒன்று உண்டு. பல்லவர் கட்டடக் கலையின் சாயலில் எழுந்த அது, பௌத்தப் பள்ளி ஒன்றின் பகுதி. மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கம் எழுந்தபோது நீரில் மூழ்கிவிடாதிருக்க, அதனைக் கல் கல்லாகக் கழற்றி எடுத்து, 1980 அளவில் உயரமான இடத்தில் மீண்டும் கட்டினார்கள். அதைக் காணச் சென்ற நான், கோயிலைப் பார்த்து முடித்தபின் தெருவையே நெடுநேரம் பார்த்து நின்றேன். ஏனெனில் இலங்கையின் இருவேறு மக்கட் கூட்டங்களின் கதை இத்தெருவில் எழுதப்பட்டிருக்கிறது.

முதலாவது கதை 1848ஆம் ஆண்டுக்குரியது. கண்டி இராச்சியம் 1815 மார்ச் 2ஆந் தேதி உடன்படிக்கை மூலம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1840இன் காணிச் சட்டமோ, உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடும் சேனையும் முடிக்கு உரியவை என்றது. பரம்பரையாகச் சேனை பயிரிட்டு வந்த குடியானவனிடம் பத்திரம் ஏது? காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. தோட்டத் துரைமாருக்குக் கோப்பியைத் துறைமுகம் சேர்க்கத் தெருக்கள் தேவைப்பட்டன. 1847இல் கோப்பி விலை வீழ்ந்து அரசாங்கத்தின் பணப்பெட்டி வற்றவும், அவ்வாண்டு தேசாதிபதியாக வந்திருந்த டொரிங்டன் பிரபு புதிய வரிகளை விதித்தார். துப்பாக்கி உரிமத்துக்கு 2 சிலிங் 6 பென்ஸ். நாய்க்கு 1 சிலிங். கடைக்கு 1 பவுண். இவற்றோடு, வயதுவந்த ஆண் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு 6 நாள் தெரு வேலை செய்ய வேண்டும், அல்லது 3 சிலிங் கட்ட வேண்டும் என்றொரு சட்டமும் வந்தது. பிக்குகளும் இதற்கு விலக்கில்லை என்று கேட்டபோது மலைநாட்டார் மனம் கொதித்தது. நாய் காவலுக்கு, துப்பாக்கி காட்டு விலங்கை விரட்டுவதற்கு. வயலையும் சேனையையும் காக்கும் கருவிகளுக்கே வரி என்றால், உழவன் அதை எப்படி விளங்கிக்கொள்வான்?

இருபத்திரண்டு நாள்

மக்கள் முதலில் செய்தது கலகமன்று, முறையீடு. அப்போது கொழும்பில் வெளிவந்த 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகையின் ஆசிரியர் கிறிஸ்தோபர் எலியட் என்னும் ஐரிஷ் மருத்துவர், இவ்வரிகளை வன்மையாகக் கண்டித்தார். ஆளப்படுவோருக்கு ஆட்சிமன்றத்தில் குரலில்லாத நாட்டில் இத்தகைய வரி நியாயமா என்னும் கருத்துப்பட அதில் வெளிவந்த கடிதம் சிங்களத்தில் மொழிபெயர்க்கப்பட்டு ஊரூராகப் பரவியது. 1848 ஜூலை 6ஆந் தேதி ஆயிரக்கணக்கான மக்கள் கண்டியிலே திரண்டு வரிகளை நீக்குமாறு வேண்டினர். அவர்களுக்கு முன்னின்றவர்களுள் கொங்காலேகொட பண்டா என்பவரும் ஒருவர் என்று வரலாறு கூறும். வரி நீங்கும் என்ற உறுதியோடு அவர்கள் வீடு திரும்பவில்லை.

ஜூலை 28ஆந் தேதி தம்புள்ளை விகாரையில் அதே கொங்காலேகொட பண்டாவுக்கு அரசனாக முடிசூட்டினார்கள். மறுநாள் மாத்தளைக் கச்சேரி தாக்கப்பட்டு, வரிப் பதிவேடுகள் அழிக்கப்பட்டன. தம்புள்ளையையும் மாத்தளையையும் இணைப்பது நாலந்தாத் தெரு. முறையீட்டுக்கும் முடிசூட்டுக்கும் இடைப்பட்டது 22 நாள் மாத்திரமே.

இந்த 22 நாளைப் பற்றி நாம் சிந்திக்க வேண்டும். ஜூலை 6இல் கண்டியில் நின்ற மனிதன் ஆங்கிலேய அரசை ஏற்றுக்கொண்டே நின்றான். அதன் வாசலில் கயிறு ஒன்று தொங்குகிறது என்று நம்பித்தான் வந்தான். இழுத்துப் பார்த்தான், மறுமுனையில் மணியே இல்லை என்று கண்டான். அதன் பின்னர் தனக்கென்று ஓர் அரசனை, எழுந்து வரக்கூடிய அரசனைத் தேடினான். பண்டாவும், அவருக்குத் துணைநின்ற புரன் அப்புவும் கரையோரத் தாழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அரச குலத்தவர் அல்லர். பழைய வம்சம் வேண்டுமென்ற ஆசை மாத்திரம் மலைநாட்டாரை உந்தியிருந்தால், இத்தகையோரை அவர்கள் ஏற்றிருப்பார்களா? அவர்கள் தேடியது குலத்தை விடத் தம் குரலைக் கேட்கும் ஒருவரையே என்று நான் எண்ணுகிறேன்.

எழுச்சி சில நாட்களில் அடக்கப்பட்டது. இராணுவச் சட்டம் பிறந்தது. புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆந் தேதி கண்டியில் சுடப்பட்டார். கடஹபொல தேரர் என்னும் பிக்கு காவி உடையோடேயே அதே மாதம் 26ஆந் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். பண்டா மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1849இல் அங்கேயே மறைந்தார்.

ஆள் மாறியது, முறை மாறவில்லை

இனி நடந்ததே மிகவும் கவனிக்கத்தக்கது. மலைநாட்டான் இழுத்தபோது ஒலிக்காத மணி, எலியட் போன்ற ஐரோப்பியர் இழுத்தபோது ஒலித்தது. இலங்கை நிகழ்ச்சிகளை விசாரிக்க பிரித்தானியப் பொதுமக்கள் சபை 1849இல் ஒரு குழுவை அமைத்தது. சாட்சியங்கள் பதிவாயின. 1850இல் டொரிங்டன் பதவியிழந்து கப்பலேறினார். மனு வென்றது என்று இதைக் கொண்டாடலாமா? கொல்லப்பட்டவர் மீளவில்லை. டொரிங்டன் இருந்த நாற்காலியில் இன்னொரு தேசாதிபதி அமர்ந்தார். அவரை அனுப்பியதும் லண்டன். திருப்பி அழைக்க வல்லதும் லண்டன். மனு ஆளை மாற்றிற்று. ஆளை அனுப்பும் உரிமையைத் தொடவில்லை.

இதே பாடத்தை நம்மினும் முன்னர்க் கற்றவர்கள் அமெரிக்கக் குடியேற்றவாசிகள். அவர்கள் ஆங்கிலேயரின் இரத்த உறவினர். ஒரே மொழியும் ஒரே மதமும் உடையவர். ஆகவே மன்னர் தம் மணியைக் கேட்பார் என்று நம்பினர். முத்திரை வரியை எதிர்த்து 1765இல் அவர்கள் அனுப்பிய விண்ணப்பங்கள் பலித்தன. 1766 மார்ச்சில் அவ்வரி நீக்கப்பட்டது. ஆனால் அதனோடு கூடவே, குடியேற்ற நாடுகளை எவ்விடயத்திலும் கட்டுப்படுத்தும் சட்டமியற்ற எமக்கு முழு அதிகாரம் உண்டு என்று பாராளுமன்றம் இன்னொரு சட்டமும் செய்தது. வரி போயிற்று, வரி விதிக்கும் உரிமை போகவில்லை. பின்னர் 1775 ஜூலையில், போர் தொடங்கியபின்பும், அவர்களுடைய மாநாடு மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்குச் சமாதான விண்ணப்பம் ஒன்று எழுதியது. மன்னர் அதை ஏற்க மறுத்து, ஆகஸ்ட் 23இல் அவர்களைக் கலகக்காரர் என்று பிரகடனம் செய்தார். அடுத்த ஆண்டு ஜூலை 4இல் சுதந்திரப் பிரகடனம் பிறந்தது. தம் விண்ணப்பங்களுக்கு மேலும் மேலும் தீங்கே விடையாக வந்தது என்பதை அவர்கள் அப்பிரகடனத்தில் ஒரு காரணமாகவே குறித்தனர்.

இரத்த உறவுக்கே இக்கதி என்றால் மற்றவர் நிலை சொல்ல வேண்டுமோ? இந்தியாவில் 1885இல் தோன்றிய காங்கிரஸ் நெடுங்காலம் தீர்மானமும் விண்ணப்பமுமாகவே நடந்தது. 1919இல் ஜாலியன்வாலாபாக் நேர்ந்தது. 1929 டிசம்பரில், லாகூரில், பூரண சுயராச்சியமே நோக்கம் என்று அது அறுதியிட்டது. அமெரிக்கருக்கு ஓராண்டு, இந்தியருக்கு 44 ஆண்டு. காலம் வேறுபடினும் பாதை ஒன்றே.

மனு பிரிக்கும்

இலங்கையின் படித்த தலைவர்கள் மாத்தளையின் பாடத்தைக் கற்க மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1915இல் சிங்கள-முஸ்லிம் கலவரத்தைச் சாட்டாகக் கொண்டு மீண்டும் இராணுவச் சட்டம் வந்தது. சிங்களத் தலைவர்கள் சிறையிடப்பட்டனர்; இளைஞர் ஹென்றி பெட்ரிஸ் சுடப்பட்டார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அந்தக் கொடுமைகளைச் சட்டநிரூபண சபையில் எடுத்துரைத்ததோடு, உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில் கடல் கடந்து லண்டன் சென்று வாதாடினார். தேசாதிபதி சாமர்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். திரும்பிவந்த இராமநாதனின் வண்டியைக் குதிரைக்குப் பதிலாகச் சிங்களத் தலைவர்களே இழுத்துச் சென்றார்கள் என்பது இன்றும் பேசப்படும் செய்தி. மனுக் கலையின் உச்சம் அதுவென்றே சொல்லலாம். ஆயினும் 1850இல் கண்டதையே 1915இலும் காண்கிறோம்: தேசாதிபதி மாறினார், தேசாதிபதி ஆட்சி மாறவில்லை.

1919 டிசம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றியது. முதல் தலைவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அதுவும் விண்ணப்பங்களையும் தூதுக்குழுக்களையுமே நம்பியது. இங்கே மனு அரசியலின் இன்னொரு தீமையையும் நாம் காண்கிறோம். தருபவர் ஒருவர், இரப்பவர் பலர் என்றால், இரப்பவர் ஒருவரையொருவர் போட்டியாளராகவே பார்ப்பர். சபையில் யாருக்கு எத்தனை ஆசனம் என்பது லண்டனிலும் தேசாதிபதி மாளிகையிலும் தீர்க்கப்படும் விடயமாதலால், சிங்களவர் ஒரு மனுவும் தமிழர் ஒரு மனுவும் முஸ்லிம்கள் ஒரு மனுவுமாகக் கொண்டு சென்றனர். கொழும்பில் தமிழருக்கு ஓர் ஆசனம் என்ற வாக்கைப் பற்றிய பிணக்கில் 1921இல் அருணாசலமே தாம் ஈன்ற காங்கிரசை விட்டு வெளியேற நேர்ந்தது. ஒரே கயிற்றைப் பல கைகள் தனித்தனியே இழுக்க, ஆளுவோன் நடுவனாக வீற்றிருந்தான். இலங்கையின் பிற்கால இன்னல்கள் பலவற்றுக்கும் வித்து இங்கேயும் உண்டு என்பது என் துணிபு.

இவ்வழியை முற்றாக மறுத்தவர்கள் யாழ்ப்பாணத்து இளைஞர்கள். ஹண்டி பேரின்பநாயகம் முதலானோர் நடத்திய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தது. சாதி வேற்றுமையையும் இனவாரிப் பிரதிநிதித்துவத்தையும் அது ஒருங்கே வெறுத்தது. டொனமூர் அரசியல் திட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் 21 வயதில் வாக்குரிமை தந்தது. பூரண சுயாட்சியைத் தரவில்லை. அது போதாதென்று அவ்விளைஞர் கூறிய சொல்லுக்கிணங்கி, 1931 மே மாதத்தில் யாழ்ப்பாணத்தின் நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. இப்பகிஷ்காரம் அரசியல் சாதுரியமா என்று கேட்டால், எனக்கும் ஐயமுண்டு. நாட்டின் பிற பகுதிகள் பின்தொடரவில்லை. சபையில் யாழ்ப்பாணத்துக்குக் குரலில்லாமற் போயிற்று. 1934இல் இடைத்தேர்தல் மூலம் உறுப்பினரை அனுப்பும் நிலை வந்தது. ஆயினும் இலங்கை முழுவதற்கும் பூரண விடுதலை வேண்டுமென்று தேர்தலையே துறந்து நின்றவர்கள் அவர்கள் என்பதை மறக்க முடியாது. தேசிய காங்கிரஸ் அந்த முடிவுக்கு வந்தது 1942இல்தான்.

பின்னர் சோல்பரிக் குழு வந்தது. 1948 பெப்ரவரி 4இல் சுதந்திரமும் வந்தது. தம்புள்ளை முடிசூட்டுக்குச் சரியாக நூறாவது ஆண்டு அது.

இரண்டாவது கதை

நாலந்தாத் தெருவில் இரண்டு மக்கட் கூட்டங்களின் கதை உண்டென்று மேலே கூறினேன். இரண்டாவது கூட்டம் நம்மவர். இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகளோடு புறப்பட்டு, படகில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டுவழியே நூறு மைலுக்கு மேல் நடந்து, தம்புள்ளை, நாலந்தா ஊடாக மாத்தளை சேர்ந்தவர்கள் அவர்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர் பலர். மாத்தளையில் எழுந்த முத்துமாரியம்மன் கோயில் அந்தப் பயணத்தின் நினைவாக இன்றும் நிற்கிறது. சிங்களக் குடியானவன் இழந்த காட்டில் தமிழ்க் கூலியாள் கோப்பி நட்டான். பின்னர் தேயிலை நட்டான். இருவர் துயருக்கும் காரணம் ஒன்றாயிருந்தும் இருவரும் ஒருவரையொருவர் அறியவில்லை.

சுதந்திரம் வந்த அதே 1948இல், 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் பாராளுமன்றத்தில் ஏழு பேர் இருந்தனர். 1952இல் ஒருவரும் இல்லை. அவர்கள் மனுக் கொடுத்தார்கள்; சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்று பங்கிட்டது. பங்கிடப்பட்டவர்களின் விருப்பத்தை அறிந்த பின்னர் செய்யப்பட்ட பங்கீடன்று அது. எஞ்சியிருந்தோருக்கு வழிதிறந்த சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. சுதந்திர நாட்டின் வாசலில் அவர்கள் மணிக்கயிற்றைப் பிடித்து நின்ற காலம் 55 ஆண்டு!

இதனால் சுதந்திரமே வீண் என்று சொல்ல வந்தேனில்லை. அந்நியர் ஆட்சியில் மணியின் மறுமுனை ஏழு கடலுக்கு அப்பால் இருந்தது. சுதந்திரம் அதை நாட்டுக்குள் கொண்டுவந்தது. இது பெரும் பேறு. ஆயினும் அந்தக் கயிறு யார் யார் கைக்கு எட்டுகிறது என்பது தனி வினா. வாக்குரிமை என்பதுதான் இக்காலத்து ஆராய்ச்சி மணி. அது கையில் இருப்பவன் ஆளையும் மாற்றலாம், முறையையும் மாற்றலாம். அதைப் பறிகொடுத்தவன் மீண்டும் 1848 ஜூலை 6இல், கண்டிக் கச்சேரியின் வாசலில் நிற்பவனாகிறான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாத்தளை எழுச்சியைப் பாடமாக நடத்தும்போது, நாய் வரியையும் துப்பாக்கி வரியையும் பட்டியலிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஜூலை 6க்கும் 28க்கும் இடைப்பட்ட நாட்களில் அந்த உழவன் மனத்தில் என்ன நடந்திருக்கும் என்று மாணவர்களைக் கேளுங்கள். பின்னர் அதே வினாவை, 1949இல் வாக்காளர் இடாப்பில் தன் பெயரைத் தேடிக் காணாத தோட்டத் தொழிலாளியைப் பற்றியும் கேளுங்கள். முதல் வினாவுக்கு எளிதில் விடை சொல்லும் பிள்ளைகள் இரண்டாவது வினாவுக்குச் சற்றே தயங்குவார்கள். வரலாற்றுக் கல்வி தொடங்குவது அந்தத் தயக்கத்தில்தான்.